முத்தாத்தாள் காதில் சொன்ன பெயர்

பெயர் விஷயத்தில் ஊரில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு கைவசம் இருக்கிறது. கேட்காமலே சொல்வார்கள். ஆண்பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தாலும் "நல்லா இருக்கட்டும்" என்று போய்விடுகிறவர்கள், பெண்பிள்ளை என்றால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். இது கிழவி பெயர், அது வேலைக்காரி பெயர், இந்தப் பெயர் வைத்தால் பிள்ளை வாயாடியாகும், அந்தப் பெயர் வைத்தவள் எவளும் உருப்பட்டதில்லை. மம்சாபுரம் முத்தாத்தாள் நாற்பது வயதுக்குள் இது எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அதனால்தான் தம்பி மாரீஸ்வரன் போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது, சந்தோஷம் வருவதற்கு முன்னாலேயே அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"அக்கா, பிள்ளைக்கு உன் பேருதான்க்கா. நான் முடிவு பண்ணிட்டேன்க்கா. நீயே காதுல சொல்லணும்க்கா."

மாரீஸ்வரன் அப்படித்தான் பேசுவான். ஒரு வாக்கியத்துக்கு ஒரு அக்காவாவது இல்லாவிட்டால் அவனுக்கு வாக்கியம் முடியாது. அவள் "சரிலே, பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ராஜபாளையத்தில், காயத்துக்குக் கட்டுப்போடும் துணி தயாரிக்கிற ஒரு சின்ன கம்பெனியில் அவளுக்கு வேலை. மிஷினில் இருந்து வரும் துணியை ரோலாகச் சுற்றி, வெட்டி, உறையில் போட வேண்டும். நாள் முழுக்கத் தூசி பறக்கும். வீட்டுக்குப் போகும்போது புருவமெல்லாம் நரைத்துப் போயிருக்கும். அன்றைக்குத் தம்பியிடம் பேசிவிட்டு வந்தவள் ரோலைக் கோணலாகச் சுற்றிக்கொண்டிருப்பதைப் பக்கத்து மேசை கிருபாபாய் பார்த்துவிட்டாள். கிருபாபாய்க்கு அவளைவிடப் பத்து வயது கூடுதல். கண்ணுக்கு எதுவும் தப்பாது.

"ஏட்டி, என்ன பேயறஞ்ச மாதிரி நிக்க?"

முத்தாத்தாள் விஷயத்தைச் சொன்னாள்.

"நல்ல விசயந்தான? பொறவு எதுக்கு முழிக்க?"

"அந்தப் பேர வச்சுக்கிட்டு நான் பட்டது போதாதா? அந்தப் பிள்ள வேற படணுமா?"

"எம் பேரு மட்டும் என்ன வாழுது? கோயில்ல ஞானஸ்நானம் குடுத்த அன்னைக்கே எங்க அம்மைக்குப் பிடிக்கல. பேத்திக்காவது நல்ல பேரா இருக்கட்டும்னு ஸ்வீட்லின்னு வச்சோம். அதுக்கும், எந்தக் கடையில வாங்குனீங்கன்னு ஒருத்தன் கேக்கான். எத வச்சாலும் பேசத்தான் செய்வாக."

எதிரே உறை ஒட்டிக்கொண்டிருந்த யோகேஸ்வரிக்கு இருபது வயதுகூட இருக்காது. அவளுக்கும் ஒரு தீர்ப்பு இருந்தது. "உங்களச் சொல்லல சித்தி. ஆனா முத்தாத்தான்னு வச்சா, பெரியவளானதும் அந்தப் பிள்ள இன்ஸ்டாகிராம்ல என்னன்னு போடுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். முத்தாத்தாளும் சிரித்தாள். இந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கம்தான். தன் பெயரைக் கேட்டு யாராவது சிரித்தால், அவர்களுக்கு முன்னால் தானே சிரித்துவிட வேண்டும் என்று மூன்றாம் வகுப்பிலேயே கற்றுக்கொண்டிருந்தாள்.

குலசாமிக்கு நேர்ந்து வைத்த பெயர் அது. வீட்டில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப் பதிவு எடுக்கும்போதுதான் தெரிந்தது. முத்தாத்தாள் என்று டீச்சர் வாசித்து முடிப்பதற்குள், கடைசி பெஞ்சில் இருந்து "ஆத்தா வாரா, சூடத்தக் கொளுத்துங்கலே" என்று ஒருவன் கத்துவான். அவள் "உள்ளேன் டீச்சர்" சொல்வது யார் காதிலும் விழாது. பெயர் வாசிக்கும் நேரம் நெருங்கும்போதே அவளுக்குக் கை வேர்த்துவிடும். அந்தத் தொல்லையும் ஒருநாள் முடிந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அப்பா தண்ணியடித்துவிட்டு எங்கெங்கோ விழுந்து கிடந்தார். நாலு வயது மாரீஸ்வரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போக முடியாது. அவள் கம்பெனிக்குப் போனாள்.

அங்கே சூப்பர்வைசர் கூப்பிட்டான். "முத்தாத்தா, மெஷினு நின்னுபோச்சு பாரு. முத்தாத்தா, அதக் கூட்டு. முத்தாத்தா, உனக்கு அறிவிருக்கா?" வீட்டுக்கு வந்தால் தம்பி வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். "அக்கா, இன்னைக்கு என்னக்கா வாங்கியாந்த?" என்று காலைக் கட்டிக்கொள்வான். அவனைக் குளிப்பாட்டி, சோறு போட்டு, வீட்டுப்பாடம் எழுதவைத்து, தூங்கப் பண்ணி, இப்படியே பத்துப் பதினோரு வருஷம் போயிற்று.

பிறகு சேத்தூர் மாப்பிள்ளை வந்தான். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது பெண் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் முத்துலட்சுமி என்று இருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் மாப்பிள்ளையே மாற்றிவிட்டிருந்தான். கூட்டாளிகளிடம் கொடுக்கக் கூச்சமாக இருந்ததாம். அந்த மாப்பிள்ளையின் பெயர் ஆவுடையப்பன். இது மட்டும் என்ன நேற்று விமானத்தில் வந்து இறங்கிய பெயரா? ஆம்பளை பெயர் பழசாக இருந்தால் கம்பீரம், பொம்பளை பெயர் பழசாக இருந்தால் பட்டிக்காடு. இந்த நியாயத்தை யார் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை.

அவன் நல்ல மனநிலையில் இருந்தால் அவள் முத்துலட்சுமி. குழம்பில் உப்பு கூடினால் "ஏட்டி, முத்தாத்தா!" பிள்ளை இல்லை என்ற பேச்சு வந்தபோது எந்நேரமும் முத்தாத்தாதான். மூன்றாவது வருஷம் அவளைப் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிட்டு அவன் திருப்பூர் போனான். அங்கே இன்னொரு குடும்பம் என்று கேள்வி. முத்துலட்சுமி சேத்தூரோடு போய்விட்டாள். மம்சாபுரத்துக்குத் திரும்பி வந்தது முத்தாத்தாள்தான்.

அன்றிலிருந்து அவளுக்குத் தம்பியைத் தவிர ஆள் கிடையாது. அவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள். அவன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பைக் மெக்கானிக் கடை போட்டான். சுந்தரபாண்டியத்தில் சிவரஞ்சனியைப் பார்த்து அவளே கட்டிவைத்தாள். பி.காம். படித்த பெண். பெரியவர்களிடம் மரியாதையான பெண். இப்போது அவளுக்குப் பெண்பிள்ளை பிறந்து தாய்வீட்டில் இருக்கிறாள்.

அவர்கள் பக்கம் பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவள் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்தவள் பிள்ளையை மடியில் வாங்கி, இரண்டு பேர் தலையையும் சேர்த்து ஒரு புதுத்துணியால் மூடிக்கொண்டு, வலது காதில் மூன்று முறை பெயரைச் சொல்லுவாள். அதற்குப் பிறகு துணியை விலக்கி எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுவாள். அத்தை வாயில் வந்ததுதான் பெயர். அதை அப்புறம் மாற்றினால் பிள்ளைக்கு ஆகாது என்று ஒரு பயம் உண்டு. வாழாவெட்டி வாயால் பெயர் சொல்லவிடலாமா என்று சிவரஞ்சனியின் அம்மா லேசாக இழுத்துப் பார்த்தாளாம். "எங்க அக்கா சொல்லலைன்னா எம்பிள்ளைக்குப் பேரே வேண்டாம்" என்று மாரீஸ்வரன் குதித்துவிட்டான். இதைக் கேள்விப்பட்டபோது முத்தாத்தாளுக்குப் பெருமையாகவும் இருந்தது, எங்கேயாவது ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

தம்பி பேசிய அன்றே சாயந்தரம் பஸ்ஸில் வரும்போது சிவரஞ்சனியிடம் இருந்து போன் வந்தது.

"மதினி, தப்பா நினைக்கக் கூடாது. உங்க தம்பி ஒரே பிடியா நிக்காங்க. நான் தன்விகான்னு பாத்து வச்சிருக்கேன். நீங்கதான சொல்லப் போறீங்க. நீங்க சொல்லிட்டா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. எனக்காகச் சொல்லுங்க மதினி."

"சரித்தா," என்றாள் முத்தாத்தாள்.

தம்பிக்கும் சரி, தம்பி பெண்டாட்டிக்கும் சரி. யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாத வாய் அது. இறங்கவேண்டிய இடத்தில் இறங்கி நடக்கும்போதுதான் தான் செய்து வைத்திருப்பது அவளுக்குப் புரிந்தது. தம்பி கேட்ட பெயரைச் சொன்னால் சிவரஞ்சனி முகம் திரும்பும். பெண்டாட்டி முகம் திரும்பினால் புருஷன் எத்தனை நாளைக்கு அக்கா வீட்டுக்கு வருவான்? சிவரஞ்சனி கேட்ட பெயரைச் சொன்னால் தம்பி முகமே திரும்பும். எப்படிப் பார்த்தாலும் போகப்போவது அவளுக்கு இருக்கிற ஒரே உறவு.

பெயர் வைப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, வசம்பு வளையலும் ஒரு ஜோடிச் சட்டையும் வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்க்க சுந்தரபாண்டியம் போனாள். போகிற வழியெல்லாம் ஒரு யோசனை வைத்திருந்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் ஆசை இருந்தது, அதை மறைப்பானேன். தனக்கென்று பிள்ளை இல்லை. தன் பெயரில் ஒரு பிள்ளை ஓடியாடித் திரிந்தால் எப்படி இருக்கும் என்று ஒன்றிரண்டு ராத்திரி நினைத்துப் பார்த்திருந்தாள். சிவரஞ்சனியின் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மெதுவாக ஆரம்பித்தாள்.

"ரஞ்சனி, சாமிக்குன்னு அந்தப் பேரு இருக்கட்டும். வீட்டுல கூப்பிட நீ பாத்த பேரு இருக்கட்டும். ரெண்டு பேருக்கும் மனசு நோகாது பாரு."

சிவரஞ்சனி பிள்ளையின் கால்விரலைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு தலையைத் தூக்கினாள். கண் கலங்கியிருந்தது.

"பேரு பழசுங்கறதுக்காக இல்ல மதினி. எங்கம்மா, எங்க சித்தி, பக்கத்து வீடு, அம்புட்டு பேரும் ஒண்ணே சொல்றாக. ஒருத்தவுக பேர வச்சா அவிய வாழ்க்கையும் கூடவே வந்துருமாம். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்க கிடையாது. நான் படிச்சவ. ஆனா பிள்ள முகத்தப் பாத்தா பயமா இருக்கு மதினி. நீங்க பட்ட மாதிரி..."

அதற்கு மேல் சொல்லமுடியாமல் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

இத்தனை வருஷமும் ஊர் சிரித்தது பெயரைப் பார்த்து என்று முத்தாத்தாள் நினைத்துக்கொண்டிருந்தாள். இப்போது பெயரை விட்டுவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்வது அவளையே. எழுந்து நின்று நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் என்ன தப்பு பண்ணினேன் என்று கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தபோது பிள்ளை தூக்கத்தில் உதட்டைப் பிதுக்கி ஒரு விம்மு விம்மியது. அவளுக்குக் கோபம் போய்ப் பயம் வந்தது. ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால்? சேத்தூர் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. பெட்டியோடு வந்து நின்ற மத்தியானம் ஞாபகம் வந்தது. இந்தச் சின்னக் கால் அந்த வாசலில் போய் நிற்கவா?

"அழாதத்தா. பாலு வத்திரும்," என்றாள். காப்பி குடிக்காமலே பஸ் ஏறிவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனியில் ரோலைத் தப்பான அளவில் வெட்டிப் பேச்சு வாங்கினாள். தன்விகா என்ற பெயர் வேறு வாயில் நுழைய மாட்டேன் என்றது. மிஷின் சத்தத்துக்குள் யாருக்கும் கேட்காது என்று சொல்லிப் பார்த்தாள். தனுவிகா என்று வந்தது. தன்விக்கா என்று வந்தது. கிருபாபாய் எட்டிப் பார்த்து, "யாரட்டி வையுத?" என்றாள். பெயர் வைக்கும் நாளன்று காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் சாமி பேர் சொல்கிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். சொல்லிச் சொல்லிப் பழகினாளே தவிர, அதைத்தான் சொல்லப்போகிறோம் என்று அப்போதும் முடிவு செய்யவில்லை. கிருஷ்ணன்கோவில் விலக்கில் பஸ் நின்றபோது இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

சுந்தரபாண்டியத்து வீட்டில் கூட்டம் நெரிந்தது. மாரீஸ்வரன் வெள்ளை வேட்டியில் ஓடியாடி நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும், "அக்கா வந்துட்டா, அக்கா வந்துட்டா" என்று சின்னப்பிள்ளை போலக் கத்தினான். நடுவீட்டில் பாயை விரித்து, எல்லோரும் பார்க்க அவளை உட்காரவைத்தான். சிவரஞ்சனியின் சித்தி ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் என்னவோ குசுகுசுத்தாள். அவன் திரும்பி ஒரு முறை முறைத்தான். பேச்சு நின்றது.

பிள்ளையை மடியில் வைத்தார்கள். மஞ்சள் துணியால் மூடினார்கள்.

துணிக்குள் வெளிச்சமெல்லாம் மஞ்சளாக இருந்தது. பிள்ளை முழித்துக்கொண்டு அவளையே பார்த்தது. வெளியே இருபது முப்பது பேர் மூச்சுக் காட்டாமல் நின்றார்கள். முத்தாத்தாளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேர்த்தது மாதிரி கை வேர்த்தது. அவள் பிள்ளையின் வலது காதருகே குனிந்தாள். தன் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது வருவதற்கு ஒரு சிரமமும் இல்லை, நாற்பது வருஷமாக அங்கேயே கிடக்கிற பெயர். அதை விழுங்கினாள்.

"தன்விகா," என்றாள். ஒரு பிசகும் இல்லாமல் வந்தது. மறுபடியும் சொன்னாள். மூன்றாவது தடவையும் சொன்னாள்.

துணியை விலக்கினார்கள். மாரீஸ்வரன் முகமெல்லாம் பல்லாக எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன பேருக்கா? சத்தமாச் சொல்லுக்கா. அம்புட்டு பேருக்கும் கேக்கட்டும்."

"தன்விகா."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் தப்பாகச் சொல்லிவிட்டாள், இப்போது திருத்திச் சொல்வாள் என்று காத்திருந்தது போல அவளையே பார்த்தான். சிவரஞ்சனியின் அம்மா அவசர அவசரமாகச் சர்க்கரைத் தட்டை நீட்ட, கூட்டம் கலகலத்தது. மாரீஸ்வரன் எழுந்து வெளியே போய்விட்டான்.

சிவரஞ்சனி கிட்டத்தில் வந்தாள். பிள்ளையை வாங்கிக்கொள்ளத்தான் வருகிறாள் என்று முத்தாத்தாள் கையைத் தளர்த்தினாள். அவள் வாங்கவில்லை. "செத்த நேரம் உங்ககிட்டயே இருக்கட்டும் மதினி," என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கமுடியாமல் அடுப்படிக்குப் போனாள்.

பிள்ளை தூங்கியதும் பாயில் போட்டுவிட்டு முத்தாத்தாள் தம்பியைத் தேடிப் போனாள். அவன் தெருக்கோடியில் பைக்கின் மேல் கையை ஊன்றி நின்றான்.

"ஏலே, சாப்பிட வா."

"என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்க? அம்புட்டு பேரையும் எதுத்துக்கிட்டு உன்னைய அங்க உக்கார வச்சேன். எதுக்கு? உன் பேர நீயே வேண்டாம்னு சொல்றதுக்கா? யாரு என்ன சொன்னா உங்கிட்ட? ரஞ்சனி ஏதும் சொன்னாளா?"

ஒரே ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று சொல்லிவிட்டால் பழி அவள் மேல் இருந்து இறங்கிவிடும். அந்த வீட்டின் நிம்மதியும் அன்றோடு போய்விடும்.

"யாரும் ஒண்ணும் சொல்லல," என்றாள். "இந்தப் பேரச் சொல்லி யாரு யாரெல்லாம் கூப்பிட்டாகன்னு உனக்குத் தெரியுமாலே? டீச்சர் கூப்பிட்டாக, பிள்ளைகள்லாம் கேலி பண்ணுச்சு. சூப்பர்வைசர் கூப்பிட்டான், வையுறதுக்கு. சேத்தூர்க்காரன் கூப்பிட்டான், அடிக்கிறதுக்கு. இந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டவன் ஒருத்தனாவது நல்லதுக்குக் கூப்பிட்டானா? நீ என்னைக்காவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கயா?"

"அக்காவ யாராவது பேர் சொல்லிக் கூப்பிடுவாகளா?"

"அதத்தான் சொல்றேன். எனக்குப் பிடிச்ச பேரு நீ கூப்பிடுறது ஒண்ணுதான். அத உன் பிள்ளைக்கு வைக்க முடியாதுல்ல."

அவன் சாப்பிட வரவில்லை. சாயந்தரம் பைக்கைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "ஏறு" என்றான். "பிடிச்சுக்கோ" என்றான். வழியெல்லாம் முத்தாத்தாள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு அக்காகூட இல்லாத அவன் பேச்சு அவளுக்கு வேற்று ஆள் பேச்சாகப் பட்டது. எல்லாம் முடிந்தது, இனி விசேஷத்துக்கு விசேஷம் பார்த்துக்கொள்கிற உறவுதான் என்று நினைத்தாள். மம்சாபுரத்தில் இறங்கியபோது கால் மரத்துப் போயிருந்தது. அவன் வண்டியை அணைக்கவில்லை. திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அவள் கதவுப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பும்போது பைக் சத்தம் மறுபடியும் கேட்டது. தெருமுனையில் இருந்து திரும்பி வந்திருந்தான். வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"உள்ள சோறு இருக்காக்கா?"